அறுவை சிகிச்சைக்கு முன்: நாயின் இனமும் மயக்க மருந்தும், மருத்துவரிடம் பேச வேண்டியவை

"தூங்கும்போது குறட்டை விடுவானா?" என்று மருத்துவர் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். பக் நாய் குறட்டை விடாமல் வேறு எந்த நாய் விடும்? பல் சுத்தம் செய்வதற்காக அவனை அழைத்துப் போயிருந்தோம். அந்தக் குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்த குடும்பம் எங்களுடையது. மருத்துவர் அந்தக் காணொளியைக் கேட்டு வாங்கி, ஒலியைக் கூட்டி வைத்து இரண்டு முறை பார்த்தார். நடுவில் சில நொடிகள் மூச்சு நின்று, பிறகு ஒரு திணறலோடு திரும்புவதைச் சுட்டிக்காட்டினார். நாங்கள் அதே காணொளியை ஐம்பது முறை பார்த்திருந்தும் அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அன்று பல் சுத்தம் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறு திட்டத்தோடு நடந்தது.

குறட்டையைப் பற்றி நானாகச் சொல்லியிருக்கமாட்டேன். அது நோய்க்குறி என்றே எனக்குத் தெரியாது. இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இனத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. "இந்த இனத்துக்கு மயக்க மருந்து அலர்ஜியாமே", "புல்டாக் என்றால் அந்த ஊசி போடவே கூடாதாமே" என்று கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறோம். அலர்ஜி என்ற சொல் இங்கே பொருந்தாது. ஓர் இனத்துக்கு முழுவதுமாக விலக்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு. இனத்தைப் பொறுத்து மாறுபவை வேறு: மூச்சுப்பாதையின் அமைப்பு, கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகம், மூளைக்குள் மருந்து நுழையும் அளவு, இதயம், இரத்தம் உறையும் தன்மை, உடல் சூடு. எனவே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்வி இது: "இந்த நாய்க்காக நீங்கள் எதை மாற்றிச் செய்யப்போகிறீர்கள்?"

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு உதவும். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் மயக்க மருந்து பெற்ற சுமார் 98,000 நாய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் மயக்கம் தொடர்பான இறப்பு, உடல்நலம் உள்ள நாய்களில் ஏறக்குறைய 0.05 சதவீதம். ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் அது 1.33 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அறுவைக்கு முந்தைய பேச்சின் மதிப்பு. மறைந்திருக்கும் கோளாறு முன்கூட்டியே தெரிந்தால் திட்டத்தை அதற்கேற்ப மாற்றலாம்.

முதல் படி: எந்த வகை மயக்கம் என்று கேட்டுத் தெளியுங்கள்

அமைதிப்படுத்தும் ஊசியும் முழு மயக்கமும் ஒன்றல்ல. முதலாவதில் நாய் தளர்ந்து கிடக்கும். மூச்சைத் தானே விடும். தொண்டைக்குள் குழல் இருக்காது. இரண்டாவதில் உணர்வு முழுவதும் போய்விடும். மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகி ஆக்சிஜனும் மயக்க வாயுவும் கொடுப்பார்கள்.

"லேசான ஊசிதான், முழு மயக்கம் வேண்டாம்" என்று கேட்டதும் நமக்கு நிம்மதியாக இருக்கும். எல்லா நாய்களுக்கும் அந்த நிம்மதி நியாயமானதல்ல. தட்டை மூக்கு நாய்க்கு லேசான மயக்கத்திலேயே தொண்டைத் தசைகள் தளர்ந்து, நீண்ட அண்ணம் காற்றுப் பாதையை மூடிக்கொள்ளலாம். அப்போது உள்ளே குழல் இல்லாததே ஆபத்து. குழல் போட்ட முழு மயக்கம் அத்தகைய நாய்க்குப் பாதுகாப்பானதாக இருக்கும் சந்தர்ப்பங்கள் பல. எக்ஸ்ரே எடுக்கவும் காது சுத்தம் செய்யவும் நகம் வெட்டவும் போடும் ஊசியும் இந்தக் கணக்கில் சேரும். "நகம் வெட்டத்தானே" என்ற அலட்சியம் வேண்டாம்.

இரண்டாம் படி: வீட்டில் உள்ள தகவலைத் திரட்டுங்கள்

மருத்துவர் உங்கள் நாயைப் பத்து நிமிடம் பார்க்கிறார். அந்தப் பத்து நிமிடமும் அது பதற்றத்தில் இருக்கும். அமைதியாக இருக்கும்போது எப்படி மூச்சுவிடுகிறது, தூக்கத்தில் என்ன செய்கிறது, மாடிப்படி ஏறினால் என்ன ஆகிறது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அறுவைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

காணொளிகளே முதலில். ஆழ்ந்து தூங்கும்போது ஒன்று, நடந்து திரும்பியதும் ஒன்று, இருமல் இருந்தால் இருமும்போது ஒன்று. வார்த்தையில் விளக்க முடியாத ஒலியை மருத்துவர் கேட்டாலே இனம் கண்டுகொள்வார். கூடவே, தூங்கும் நாயின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும்.

அடுத்தது மருந்துகள். மாத்திரை, சொட்டு மருந்து, மீன் எண்ணெய், மூலிகைப் பொடி என எதுவாயினும் எழுதிக்கொள்ளுங்கள். உண்ணிக்காகக் கழுத்தில் கட்டிய பட்டையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. சில பட்டைகளில் உள்ள அமிட்ராஸ் என்ற பொருள், மெடெடோமிடின் போன்ற மயக்க ஊசிகள் செயல்படும் அதே வழியில் செயல்படுவது. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாம்.

முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். "போன தடவை ஒன்றும் ஆகவில்லை" என்பதைவிட, எந்த மருந்து எவ்வளவு கொடுத்து எத்தனை மணி நேரத்தில் எழுந்தது என்ற ஒரு வரி ஆயிரம் மடங்கு பயன்படும். உடன்பிறந்த குட்டிகளுக்கோ தாய்க்கோ மயக்கத்தில் சிக்கல் வந்ததா என்று வளர்ப்பாளரிடம் விசாரிக்க முடிந்தால் விசாரியுங்கள்.

இனத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். சான்றிதழில் ஒன்று எழுதியிருக்கலாம், நாயின் முகம் வேறொன்றைச் சொல்லலாம். கலப்பினம் என்றால் தாய், தந்தை பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். உடலமைப்பைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். தட்டை மூக்கு கலப்பு நாய்க்கும் தட்டை மூக்குதானே.

மூன்றாம் படி: உங்கள் நாய் எந்த வகை உடல்?

எல்லா இனத்தையும் இங்கே அடுக்கப்போவதில்லை. மயக்க மருந்தின் கண்ணில் நாய்கள் சில கூட்டங்களாகத்தான் பிரிகின்றன. உங்கள் நாய் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டத்திலும் இருக்கலாம்.

தட்டை மூக்கு நாய்கள். பக், பிரெஞ்சு புல்டாக், புல்டாக், பெக்கினீஸ், பாஸ்டன் டெரியர், ஷிட்சூ. சிக்கல்கள் அதிகம் குவிந்திருப்பது இங்கேதான். நேரத்தையும் இவற்றுக்கே அதிகம் செலவிட வேண்டும். குறுகிய நாசித்துவாரம், தொண்டைக்குள் தொங்கும் நீண்ட மென்னண்ணம், உடலளவுக்குப் பொருந்தாத ஒடுங்கிய மூச்சுக்குழாய் ஆகியவை சேர்ந்து, விழித்திருக்கும்போதே மூச்சுவிடுவதை வேலையாக்கிவிடுகின்றன. வெப்பமும் பதற்றமும் அந்த வேலையை இரட்டிப்பாக்கும். எனவே மருத்துவமனை வாசலில் நாய் மூச்சிரைத்தபடி காத்திருப்பதே ஆபத்தின் தொடக்கம். இவற்றுக்கு நாளின் முதல் அறுவையாக நேரம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் சில நிமிடங்கள் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுப்பது இவற்றுக்கு மிகவும் பயன்படும். எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குழல் பெரிதாகிவிடக்கூடும் என்பதால் சிறிய அளவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த நாய்களில் இதயத் துடிப்பைக் குறைக்கும் நரம்பின் செல்வாக்கு அதிகம். துடிப்பு திடீரென இறங்கினால் கொடுக்க வேண்டிய மருந்து தயாராக இருக்க வேண்டும். உண்டது மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் வாய்ப்பும் மற்ற நாய்களைவிடக் கூடுதல். வீட்டில் சாப்பிட்டதை அடிக்கடி கக்குமானால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் வாந்தியைத் தடுக்கும் மருந்தும் முன்கூட்டியே தேவையா என்று கேளுங்கள். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். துருத்திய கண்கள் மயக்கத்தில் மூடாமல் உலர்ந்து புண்ணாகும் என்பதால் கண்களுக்குக் களிம்பு இடுவார்கள்.

குழலை எப்போது எடுக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மற்ற நாய்களுக்கு விழுங்கும் அசைவு திரும்பியதும் எடுத்துவிடலாம். தட்டை மூக்கு நாய்க்கு, தலையைத் தூக்கி, குழலை இனிப் பொறுக்க முடியாது என்று அதுவே காட்டும்வரை விட்டுவைப்பது வழக்கம். பல நாய்கள் குழலோடு விழித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் வாழ்நாளில் காற்று தங்குதடையின்றிப் போய்வந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும், பாவம். எடுத்த பிறகும் மார்பு தரையில் படும்படி படுக்கவைத்து, நாக்கை வெளியே இழுத்துவைத்து, ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். வேறு அறுவைக்காக மயக்கத்தில் இருக்கும்போதே நாசித்துவாரத்தையும் அண்ணத்தையும் சரிசெய்ய வாய்ப்புண்டா என்றும் கேட்டுவையுங்கள். இரண்டு மயக்கம் ஒன்றாகும்.

கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி போன்ற ஓட்ட நாய்கள். இவற்றுக்குக் கொழுப்பு குறைவு என்பதால்தான் மயக்கம் தெளிய நேரமாகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கொழுப்பு ஒரு பகுதிக் காரணம்தான். கிரேஹவுண்டின் கல்லீரல் சில மருந்துகளைச் சிதைக்கும் வேகமே குறைவு. பழைய தயோபென்டால் ஊசியில் இது பெரும் சிக்கலாக இருந்தது. இன்று அதிகம் பயன்படும் புரோபோஃபாலிலும் தெளிவு சற்றுத் தாமதமாகலாம். ஆனால் அது சமாளிக்கக்கூடியது. கொழுப்பும் ரோமமும் குறைவாக இருப்பதால் மேசையில் விரைவாகக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடலில் மருந்து இன்னும் மெதுவாகவே வெளியேறும். உடலைச் சூடாக வைத்திருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிரேஹவுண்டின் சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிட அதிகம், தட்டணுக்கள் குறைவு, தைராய்டு அளவு குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்று அதிகம். ஆய்வகத்தாளில் எல்லாமே சிவப்பு எழுத்தில் வரும். நாய் நலமாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. உறைதல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தும், அறுவை முடிந்து ஓரிரு நாள் கழித்துச் சில கிரேஹவுண்டுகளுக்கு இரத்தம் கசியத் தொடங்கும். உறைந்த இரத்தம் உடலுக்குள் சீக்கிரமே கரைந்துவிடுவதுதான் காரணம். அதைத் தடுக்க டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மருந்துகள் உண்டு. கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் இதைத் தாமே எடுத்துப் பேச வேண்டும், ஏனெனில் மறுநாள் வீட்டில் காயத்தின் கட்டுத்துணியில் இரத்தம் பார்க்கப்போவது அவர்கள்தான்.

மேய்ச்சல் நாய்கள். மருந்துகளை மூளைக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளும் ஒரு புரதம் எல்லா நாய்களிலும் உண்டு. அதை உருவாக்கும் எம்டிஆர்1 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டுப்போனால் அந்தக் காவல் குலைந்துவிடும். கோலி இன நாய்கள் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்துக்கு ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்ற புதிர் 2001இல் இப்படித்தான் அவிழ்ந்தது. கோலிகளில் ஏறக்குறைய 70 சதவீதமும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் பாதியும் இந்தக் குறையைச் சுமக்கின்றன. ஷெட்லாண்ட் ஷீப்டாக்கில் இது 15 சதவீதம், ஜெர்மன் ஷெப்பர்டில் 10 சதவீதம் அளவில் இருக்கிறது. பார்டர் கோலியில் மிக அரிது. பெயரில் கோலி இருப்பதால் பலர் வீணாகக் கலங்குகிறார்கள்.

மயக்கத்தைப் பொறுத்தவரை இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டே: அமைதிப்படுத்தும் அசிப்ரோமசின், வலியைக் குறைத்து அமைதியும் தரும் பியூட்டார்பனால். குறை உள்ள நாயில் இவை ஆழமாகவும் நெடுநேரமும் வேலை செய்யும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதுபட்டிருந்தால் அளவை 25 சதவீதமும், இரண்டும் பழுதுபட்டிருந்தால் 30 முதல் 50 சதவீதமும் குறைக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, குறைக்கத்தான் சொல்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும், முடிவு வந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதுமான பரிசோதனை இது. அறுவை வரும்வரை காத்திருக்காமல் குட்டிப் பருவத்திலேயே செய்துவிடுங்கள்.

இதயச் சிக்கல் உள்ள இனங்கள். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்களுக்கு வயது ஏற ஏற இதய வால்வு பழுதடைவது மிகவும் சாதாரணம். டாபர்மேனுக்கு இதயத்தசை பலவீனம், பாக்ஸருக்குத் துடிப்பின் தாளம் தவறுதல், மினியேச்சர் ஷ்னௌசருக்கு இதயத்தின் இயற்கையான துடிப்புத் தூண்டி சோர்ந்து நின்றுவிடுதல். நடுவில் எப்போதாவது நாய் மயங்கி விழுந்து சில நொடியில் எழுந்திருந்தால், அதை "கால் வழுக்கியது" என்று கடந்துவிடாதீர்கள். டெக்ஸ்மெடெடோமிடின் வகை ஊசிகள் இதயத் துடிப்பைக் குறைத்து, இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமையைக் கூட்டுபவை. பலவீனமான இதயத்துக்கு அவை பெரும்பாலும் சரிவராது. பாக்ஸரைப் பற்றி இன்னொரு செய்தி: அந்த இனத்தின் சில பரம்பரைகளில் அசிப்ரோமசின் கொடுத்ததும் துடிப்பு மந்தமாகி நாய் சரிந்து விழுந்ததாகப் பதிவுகள் உள்ளன. எல்லா பாக்ஸருக்கும் அப்படி ஆகாது. என்றாலும் பல மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவில் கொடுப்பார்கள், அல்லது தவிர்த்துவிடுவார்கள்.

டாபர்மேனுக்கு இரத்தமும் கவலை தரும். வான் வில்லிபிராண்ட் என்னும் உறைதல் குறைபாடு இந்த இனத்தில் பரவலாக உண்டு. பல் விழும்போதோ நகம் ஒடியும்போதோ இரத்தம் நிற்காமல் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இது மயக்க மருந்தின் கோளாறு அல்ல என்றாலும், அதே மேசையில்தான் வெளிப்படும்.

சிறிய நாய்களுக்கு மூன்று பகைவர்கள்: குளிர், சர்க்கரை இறக்கம், எடைக் கணக்கில் தவறு. இரண்டு கிலோ நாய்க்கு ஊசியில் ஒரு கோடு கூடினாலும் அது பெரிய அளவு. அன்று காலையே எடை பார்க்கச் சொல்லுங்கள். பொமரேனியனோ யார்க்ஷயர் டெரியரோ வாத்துக் கத்துவது போல இருமுமானால் மூச்சுக்குழாய் சரிந்திருக்கக்கூடும். யார்க்ஷயர், மால்டீஸ் குட்டிகள் வளராமல் மெலிந்து, உணவுக்குப் பின் மந்தமாக இருந்தால் கல்லீரலைச் சுற்றிச் செல்லும் பிறவி இரத்தக்குழாய் இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லீரல் மயக்க மருந்தைச் சரியாக வெளியேற்றாது.

பெரும் உடல் நாய்களில் கதை தலைகீழ். எழுபது கிலோ கிரேட் டேனுக்கு ஏழு கிலோ நாயின் அளவைப் பத்தால் பெருக்கிக் கொடுக்கக் கூடாது. உடல் பெருக்கப் பெருக்கக் கிலோவுக்கு வேண்டிய மருந்து குறையும். குண்டான லேப்ரடாருக்கும், இருக்கும் எடைக்குப் பதிலாக இருக்க வேண்டிய எடையை வைத்தே கணக்கிடுவார்கள். வயதான லேப்ரடாரின் குரைப்பு கரகரத்துப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். குரல்வளை வாதத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

நான்காம் படி: எந்தப் பரிசோதனை, எதற்காக?

எல்லாப் பரிசோதனையும் எல்லா நாய்க்கும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் "இதன் முடிவு மோசமாக வந்தால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் இருந்தால் செலவு நியாயமானது. வயதான கவாலியருக்கு இதய எக்கோ, மயங்கி விழுந்த ஷ்னௌசருக்கு ஈசிஜி, டாபர்மேனுக்கு உறைதல் பரிசோதனை, தட்டை மூக்கு நாய்க்கு மார்பு எக்ஸ்ரே எனக் காரணத்தோடு தேர்ந்தெடுப்பதே முறை. அறுவை நாளன்று காலை இரத்தம் எடுத்து அரைமணி நேரத்தில் முடிவெடுப்பதைவிட, சில நாள் முன்னதாகச் செய்தால் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பேச்சு

இதற்கென்று தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அறுவை நாள் காலையில், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் மேசையில் இந்தப் பேச்சு நடக்காது. அங்கே உங்களுக்கும் பதற்றம், அவருக்கும் அவசரம்.

இணையத்தில் படித்ததை மருத்துவர் முகத்தில் வீசுவதில் பயனில்லை. "புல்டாக்குக்கு அந்த மருந்து கூடாது என்று போட்டிருந்தது" என்று தொடங்கினால் அவர் தற்காப்பில் இறங்குவார், பேச்சு அங்கேயே முறியும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "டாக்டர், இவன் தட்டை மூக்கு நாய். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, காணொளி கொண்டுவந்திருக்கிறேன். இவனுக்காக என்ன மாற்றிச் செய்வீர்கள்?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். எனக்கு இது கடினமாக இருந்தது.

நல்ல பதில் எப்படி இருக்கும்? அதில் மருந்தின் பெயரோடு காரணமும் இருக்கும். "முதல் ஊசி குறைவாகப் போடுவோம், முன்பே ஆக்சிஜன் கொடுப்போம், குழலைக் கடைசியில்தான் எடுப்போம்" என்பது பதில். "நாங்கள் தினம் பத்து செய்கிறோம், ஒன்றும் ஆகாது" என்பது ஆறுதல் மட்டுமே. "இந்த இனத்துக்கு மயக்கம் கொடுக்கவே மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்தாலும் எனக்குத் திருப்தி இல்லை. வலியோடு அழுகும் பல்லை வாயில் விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு.

கேட்க வேண்டியவற்றில் நான் விட்டுக்கொடுக்காதவை இவை:

மயக்கம் தொடங்கியது முதல் விழிக்கும்வரை அதை மட்டுமே கவனிக்கும் ஆள் யார்? அறுவை செய்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வது போதுமானதல்ல.

எந்தக் கருவிகள் இருக்கும்? ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், உடல் சூடு, ஈசிஜி, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு. குழல் கழன்றாலோ மூச்சு நின்றாலோ மற்றவற்றுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது கடைசியில் சொன்னதுதான்.

போடும் மருந்தின் விளைவைத் திருப்பும் மாற்று மருந்து உண்டா? டெக்ஸ்மெடெடோமிடினுக்கு அட்டிபமெசோல் உண்டு, ஓபியாய்டு வகை வலி மருந்துகளுக்கு நலோக்சோன் உண்டு. அசிப்ரோமசினுக்கு எதுவும் இல்லை. அது தானாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்று முதல் ஐந்துவரை உள்ள மயக்க அபாயத் தரவரிசையில் என் நாயை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒன்று என்பது முழு நலம். எண்ணைவிட அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்.

இரவில் தங்க நேர்ந்தால் அங்கே ஆள் இருப்பார்களா?

பதில்கள் திருப்தி தராவிட்டால், அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பதிலோ, மயக்கவியலில் தனிப்பயிற்சி பெற்றவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்பதிலோ கூச்சம் வேண்டாம். நல்ல மருத்துவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சில சமயம் அவர்களே அதைச் சொல்லக் காத்திருப்பார்கள்.

அவசர அறுவையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஆகவே இனம், எடை, மரபணு முடிவு, இதயச் சிக்கல், தற்போதைய மருந்துகள், முந்தைய மயக்கத்தின் அனுபவம் ஆகிய ஆறையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கழுத்துப்பட்டை மாட்டும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: முந்தைய இரவும் அன்றைய காலையும்

"இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் கூடாது" என்ற பழைய ஒரே விதி இப்போது தளர்ந்திருக்கிறது. உடல்நலமுள்ள வளர்ந்த நாய்க்கு 4 முதல் 6 மணி நேரப் பட்டினி போதும், தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை என்பது இன்றைய போக்கு. அடிக்கடி கக்கும் நாய்க்கு இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும். மிகச் சிறிய குட்டிகளுக்கு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் பட்டினி ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே பொதுவான அச்சிட்ட தாளை நம்பாமல், உங்கள் நாய்க்கு எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துகளையும் அப்படியே. வலிப்பு மாத்திரையை வழக்கம்போலக் கொடுக்கச் சொல்வார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சில இதய மாத்திரைகளை அன்று காலை நிறுத்தச் சொல்லலாம். இன்சுலின் அளவு மாறும். பயந்த நாய்க்கு வீட்டிலேயே கொடுத்து அழைத்துவர டிராசோடோன் அல்லது கபாபென்டின் எழுதித் தரலாம். தட்டை மூக்கு நாய்க்கு இந்த முன் அமைதி, பின்னால் வரும் ஊசியின் அளவைக் குறைக்க உதவும். ஆனால் மாத்திரை கொடுத்த பிறகு அதைத் தனியே விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

ஏழாம் படி: விழிக்கும் நேரம்

தொடக்கத்தில் சொன்ன அதே பிரிட்டன் ஆய்வில், இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி இறந்தது மயக்கம் கொடுத்து முடித்த பிறகுதான். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மணி நேரத்துக்குள். "அறுவை முடிந்துவிட்டது" என்று தொலைபேசியில் கேட்டதும் நாம் மூச்சுவிடுகிறோம். அந்த அழைப்பில் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "குழலை எடுத்துவிட்டீர்களா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?"

தட்டை மூக்கு நாயையும் மிகச் சிறிய நாயையும் தள்ளாடும் நிலையில் வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படாதீர்கள். தானாக நடந்து, அமைதியாக இருக்கும்போது சத்தமின்றி மூச்சுவிட்டால் கிளம்பலாம். வண்டியில் கழுத்து மடியாதபடி படுக்கவைத்து, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போடுங்கள். வீட்டில் அன்றிரவு உடன் படுத்துக்கொள்ளுங்கள். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், மூச்சில் புதிய சத்தம் கேட்டால், எழுப்பியும் எழாவிட்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ இருமலும் சோர்வும் காய்ச்சலும் வந்தால் நுரையீரலுக்குள் எதுவோ போயிருக்கலாம். கிரேஹவுண்டின் காயக் கட்டுத்துணியை மூன்று நாள் காலையும் மாலையும் பாருங்கள். தையலைச் சுற்றிக் கருநீலம் பரவினால் உடனே அழையுங்கள்.

தையல் பிரிக்கப் போகும் நாளில் மயக்கப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கின் தாளில் போட்ட மருந்துகளும் அளவுகளும் துடிப்பு இறங்கிய நேரமும் பொருந்திய குழலின் அளவும் இருக்கின்றன. ஓரத்தில் மருத்துவர் கையெழுத்தில் ஒரு குறிப்பும் உண்டு: "விழித்து 20 நிமிடம் குழலோடு அமைதியாக அமர்ந்திருந்தான்." இரண்டு ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் அவன் கண்ணுக்கு அறுவை செய்தபோது, அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டு வாங்கிப் படித்தது அந்தத் தாளைத்தான்.